பெஸ்கிகளின் ஊர் எது? ஓர் அபூர்வ இத்தாலியக் குடும்பப்பெயரைத் தேடிய அனுபவம்

2020 மார்ச்சில், கொரோனாவின் முதல் அலை லொம்பார்தியா மாநிலத்தைப் புரட்டிப்போட்ட நாட்களில், பெர்கமோ நகரிலிருந்து வரும் செய்திகளைப் பார்க்காமல் எங்கள் வீட்டில் ஒரு நாளும் கழியவில்லை. அந்த ஊர் நாளிதழில் இரங்கல் அறிவிப்புகளே பத்துப் பக்கத்துக்கு ஓடின. செய்திகளில் திரும்பத் திரும்ப அடிபட்ட பெயர்களில் ஒன்று, பெர்கமோ மறைமாவட்ட ஆயர் ஃபிரான்செஸ்கோ பெஸ்கி. ‘வீரமாமுனிவரின் இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்த தலைமுறை நான். எனக்குப் பெஸ்கி என்றால் ஒரே ஒருவர்தான். தமிழுக்கு அகராதியும் காவியமும் தந்து, மெரினா கடற்கரையில் சிலையாக நிற்பவர். அது ஒரு குடும்பப்பெயர், இன்றைக்கும் இத்தாலியில் ஆட்கள் அந்தப் பெயரோடு நடமாடுகிறார்கள் என்று அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

நான் திருப்பூரில் பின்னல் தொழிலில் இருந்துவிட்டு இங்கே வந்தவன். வேலை காஸ்தெல் கொஃப்ரேதோவில். பெண்கள் அணியும் நீளக் காலுறைகளுக்குப் பேர்போன சிற்றூர் அது. அதன் பக்கத்து ஊர்தான் காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே. 1680 நவம்பர் 8 அன்று வீரமாமுனிவர் பிறந்த ஊர். வாரக்கடைசியில் காய்கறி வாங்கப் போகும் ஊர் எனக்கு. அதனால் ஊரடங்கு தளர்ந்ததும் இந்தப் பெயரைத் தேட ஆரம்பித்தேன். எங்கிருந்து வந்தது, இப்போது எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்ற மூன்று கேள்விகள்தான். தேடியதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். வேறு எந்த அபூர்வ இத்தாலியப் பெயரைத் தேடுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் உச்சரிப்பு. இத்தாலிய எழுத்துமுறையில் நடுவே ‘ஹெச்’ எழுத்து இருந்தால் ‘ஸ்கி’, அது இல்லாவிட்டால் ‘ஷி’. ஆகவே நம் பாடநூல்களில் உள்ள ‘பெஸ்கி’ சரியான ஒலிதான். ஆனால் கடல் கடந்து போனவர்களின் பதிவுகளில் அந்த ‘ஹெச்’ எளிதில் காணாமல் போகும். வெளிநாட்டு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதுவார். அபூர்வப் பெயரைத் தேடும்போது எழுத்தை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் ஒலியையும் பின்தொடருங்கள். அது எத்தனை விதமாக எழுதப்படக்கூடும் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொண்டுதான் தேட உட்கார வேண்டும்.

அடுத்து எண்ணிக்கை. இத்தாலியில் ஒரு குடும்பப்பெயர் எந்த மாநிலத்தில் எவ்வளவு என்று வரைபடம் போட்டுக் காட்டும் இணையதளங்கள் இருக்கின்றன. ‘கோன்யோமே’ என்றால் குடும்பப்பெயர். ‘கோன்யோமிக்ஸ்’ அப்படி ஒரு தளம். பெஸ்கி என்று இட்டுப் பார்த்தால் லொம்பார்தியாதான் முன்னால் நிற்கிறது. அதிலும் பிரேஷா, மாந்தோவா மாவட்டங்கள். எங்கும் பரவலான ரோஸ்ஸி என்ற பெயரைப் போட்டால் நாடு முழுக்க நிறம் ஏறும். பெஸ்கி என்று போட்டால் வடக்கே கார்தா ஏரியைச் சுற்றி ஒரு திட்டு, அப்புறம் அங்கங்கே சில புள்ளிகள், அவ்வளவுதான். வரைபடத்தைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. முந்நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்பு அந்தப் பெயரோடு ஒரு குழந்தை பிறந்த இடமும், இன்று அந்தப் பெயர் அடர்ந்திருக்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன.

ஆனால் அந்த எண்களை எப்படி வாசிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த மாதிரித் தளங்கள் பெரும்பாலும் பழைய தொலைபேசிக் கையேடுகளை வைத்து உருவானவை. அதில் ஒரு பெயர் என்றால் ஒரு தொலைபேசி இணைப்பு, அதாவது ஏறத்தாழ ஒரு குடும்பம். ஆட்களின் எண்ணிக்கை அல்ல. போதாக்குறைக்கு, இப்போது பாதி வீடுகளில் கம்பி இணைப்பே கிடையாது. அப்புறம், இத்தாலியில் கல்யாணம் ஆன பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரிலேயேதான் கடைசிவரை இருப்பாள். தொலைபேசி கணவர் பெயரில் இருந்தால் அந்த வீட்டில் உள்ள பெஸ்கிப் பெண் கணக்கில் வரமாட்டாள். ஆகவே வரைபடத்தில் நான் எண்ணைப் பார்ப்பதில்லை, நிறம் எந்தப் பக்கம் அடர்ந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன். ஓர் அபூர்வப் பெயரைத் தேடுகிறவருக்கு அந்த ஒரு தகவல் போதும். எந்த மாவட்டத்து ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும் என்று அது சொல்லிவிடும்.

சரி, திரையை விட்டு வெளியே வந்தால் என்ன செய்வது? இத்தாலிய வீட்டு வாசல்களைப் பாருங்கள். அழைப்பு மணிப் பலகையில் வீட்டு எண் இருக்காது, குடும்பப்பெயர்தான் இருக்கும். கணவன் பெயர் ஒன்று, மனைவி பெயர் ஒன்று என ஒரே பொத்தானுக்கு எதிரே இரண்டு பெயர்கள். இதைக் கவனிக்கப் பழகிவிட்டால் எந்த ஊருக்குப் போனாலும் சும்மா நடக்கும்போதே அந்த ஊரின் பெயர்க்கணக்கு மனதில் ஏறிவிடும். நகராட்சிச் சுவர்களில் ஒட்டும் இறப்பு அறிவிப்புத் தாள்களும் அப்படித்தான். இறந்தவர் பெயர், வயது, பிள்ளைகளின் பெயர்கள், அடக்கம் எந்தக் கோயிலில், எத்தனை மணிக்கு, எல்லாம் அதில் இருக்கும். பெண்ணாக இருந்தால், பிறந்த வீட்டுப் பெயருக்குப் பின்னால் ‘வேத்.’ என்று சுருக்கமாகப் போட்டு இறந்துபோன கணவரின் பெயரைச் சேர்ப்பார்கள். கைம்பெண் என்று அர்த்தம். கணவர் உயிரோடு இருந்தால் அந்த இடத்தில் ‘இன்’. இந்தச் சிறு சொற்களைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு தாளிலேயே இரண்டு குடும்பங்களின் உறவு கிடைத்துவிடும்.

கல்லறைத் தோட்டத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டிலிருந்து வேர் தேடி வருகிறவர்கள் நேரே அங்கேதான் ஓடுகிறார்கள், இருநூறு வருஷப் பழைய கல் கிடைக்கும் என்று. கிடைக்காது. இத்தாலியில் சாதாரண மண் கல்லறையை, பத்து ஆண்டு கழிந்தால் சட்டப்படியே தோண்டி எலும்பை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடலாம். சுவரில் உள்ள அறைகளும் குறிப்பிட்ட காலக் குத்தகைதான். பெரிய குடும்பங்களின் தனி மண்டபங்களைத் தவிர, பெரும்பாலும் பார்க்கக் கிடைப்பது 20ஆம் நூற்றாண்டுதான். அதைவிடப் பயனுள்ளது ஊர் நடுவில் நிற்கும் போர் நினைவுச்சின்னம். முதல் உலகப் போரில் செத்த உள்ளூர்ப் பிள்ளைகளின் பெயர் இல்லாத இத்தாலிய ஊர் அரிது. அரசு தொகுத்த பட்டியலும் உண்டு. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், படைப்பிரிவு, எப்படி இறந்தார் என்ற விவரம் வரை அதில் இருக்கிறது. இணையத்தில் இலவசமாகத் தேடலாம். 1870களிலிருந்து 1900 வரை ஓர் அபூர்வப் பெயர் எந்தெந்த ஊர்களில் இருந்தது என்பதற்கு அதைப் போன்ற சான்று வேறில்லை. இருபது வயதுப் பையன்களின் சாவிலிருந்து இந்தத் தகவலை எடுக்கிறோம் என்ற நினைப்பு எனக்கு ஒவ்வொரு தடவையும் வரும்.

அப்படி ஒரு கல்லறைத் தோட்டத்தில்தான் ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பழைய குடும்பங்களைப் பற்றிக் கேட்டதும் அவர் சொன்னது: “குடும்பப்பெயரைச் சொன்னால் இங்கே யாருக்குத் தெரியும்? ஸ்கோத்தோமைச் சொல்லுங்கள், வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவார்கள்.” பிரேஷா, பெர்கமோ பக்கத்துப் பேச்சு வழக்கில் ஸ்கோத்தோம் என்றால் குடும்பத்துக்கு ஊர் வைத்த பட்டப்பெயர். ஒரே குடும்பப்பெயரில் நாலைந்து வீடுகள் இருக்கும் கிராமத்தில் ஆளை அடையாளம் காட்டுவது அதுதான். பழைய பதிவேடுகளிலும் ‘தெத்தோ’, அதாவது ‘எனப்படும்’, என்ற சொல்லோடு அது வரும். வெனிஸ் அருகே கியோஜ்ஜா என்ற மீனவ ஊரில் பொஸ்கோலோ, தியோத்ஸ்ஸோ என்ற இரண்டு பெயர்கள் அவ்வளவு அதிகம் என்பதால் இந்தப் பட்டப்பெயர்கள் அரசு அடையாள ஆவணத்திலேயே ஏறிவிட்டன. ஆகவே பெரியவர்களிடம் விசாரிக்கும்போது குடும்பப்பெயரோடு நிறுத்தாதீர்கள். ‘அந்த வீட்டை ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள்?’ என்று கேளுங்கள்.

இனி ஆவணங்கள். இங்கேதான் வேலையே இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

1563இல் முடிந்த, கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம், ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒரு கோயிலுக்கு உட்பட்ட ஒவ்வொரு பகுதியிலும், ஞானஸ்நானமும் திருமணமும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று கட்டளையிட்டது. இறப்புப் பதிவும் 1614க்குப் பின் கட்டாயமானது. குடும்பப்பெயர்கள் ஒரு வடிவத்தில் நிலைத்து நின்றதற்கு இந்தப் பதிவேடுகள் பெரிய காரணம். ஓர் எழுத்தர் எழுதிவைத்ததை அடுத்தவர் பார்த்து எழுதுவார், பெயர் கெட்டிப்படும். அரசாங்கப் பதிவு என்பது இங்கே 1806 வாக்கில், நெப்போலியன் ஆட்சியில்தான் வந்தது. 1814-15இல் ஆஸ்திரியர்கள் திரும்பி வந்ததும் லொம்பார்தியாவில் பதிவு வேலை மறுபடியும் பங்குக் குருக்களின் கைக்கே போனது. ஒன்றுபட்ட இத்தாலி அரசின் சீரான பதிவு 1866இல் தொடங்கியது. மாந்தோவாவிலும் வெனேத்தோவிலும் 1871இல். ஆகவே நெப்போலியன் காலப் பத்து வருஷத்தைப் பார்த்துவிட்டு ‘அதற்கப்புறம் இந்தக் குடும்பமே இல்லை’ என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். அவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள், பதிவேடுதான் இடம் மாறியது.

காஸ்தில்யோனே விஷயத்தில் இன்னொரு சிக்கல். இன்று அது மாந்தோவா மாவட்டம், மாந்தோவா மறைமாவட்டம். ஆனால் வீரமாமுனிவர் பிறந்தபோது அது கொன்ஸாகா குடும்பத்தின் ஒரு கிளை ஆண்ட தனிச் சிற்றரசு. திருச்சபை நிர்வாகத்தில் பிரேஷா ஆயரின் கீழ் இருந்தது. மாந்தோவா மறைமாவட்டத்துக்கு மாறியது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1859 ஜூன் 24 அன்று பக்கத்தில் சோல்ஃபெரீனோவில் பெரும் போர் நடந்தது. காயம்பட்டவர்களை இந்த ஊர்க் கோயில்களில் கொண்டுவந்து கிடத்தினார்கள். அதைக் கண்ட ஆன்ரி துனானின் மனதில்தான் செஞ்சிலுவைச் சங்கத்துக்கான வித்து விழுந்தது. அந்தப் போருக்குப் பிறகு 1868 வரை ஊர் பிரேஷா மாவட்டத்தில் சேர்ந்திருந்தது, பிறகுதான் மாந்தோவாவுக்குத் திரும்பியது. இத்தனை மாற்றமும் ஒரே ஒரு சிற்றூருக்கு. ஒரு குடும்பத்தின் காகிதங்கள் இரண்டு நகரங்களின் காப்பகங்களில் பிரிந்து கிடக்க இதுவே காரணம். எந்த ஊரைத் தேடினாலும் முதலில் அந்த ஊர் எந்தெந்த ஆண்டில் எந்த அரசின் கீழ், எந்த ஆயரின் கீழ் இருந்தது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாள்கணக்கில் அலைச்சல் மிச்சம்.

அரசு ஆவணக் காப்பகங்களின் பதிவேடுகள் ‘அந்தேநாத்தி’ என்ற அரசு இணையதளத்தில் படங்களாகக் கிடைக்கின்றன. மூதாதையர் என்று அர்த்தம். கட்டணம் இல்லை. பங்குப் பதிவேடுகள் வேறு. அவை பங்கிலோ மறைமாவட்டக் காப்பகத்திலோ இருக்கும், கடிதம் எழுதி நேரம் கேட்டுத்தான் போக வேண்டும். பிரேஷா அரசுக் காப்பகத்தில் இன்னொரு புதையல் உண்டு. வரி விதிப்புக்காக 16, 17ஆம் நூற்றாண்டுகளில் குடும்பத் தலைவர்கள் எழுதிக் கொடுத்த சொத்து அறிக்கைகள். வீட்டில் யார் யார், என்ன வயது, எவ்வளவு நிலம், யாருக்கு எவ்வளவு கடன் என்று எல்லாம் அதில் வரும். வயலின் செய்தவர்களின் வரலாற்றில் ‘சலோ ஊர்க் காஸ்பரோ’ என்று அறியப்படுகிறவரின் குடும்பப்பெயர் பெர்தொலோத்தி. அவர் வாழ்க்கை விவரங்கள் இந்த மாதிரி அறிக்கைகளிலிருந்தும் தெரியவந்தவைதான்.

பக்கத்தைத் திறந்துவிட்டீர்கள். இப்போது படிக்க வேண்டும். பெஸ்கியைத் தேடுகிறவருக்கு முதல் எதிரி போஸ்கி. போஸ்கி என்றால் காடுகள். அது பரவலான பெயர், பெஸ்கிக்குத் துளியும் சம்பந்தமில்லாத வேறு குடும்பங்கள். லத்தீன் எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டாவது எழுத்தில் மட்டும். கையெழுத்தில் ‘ஈ’யின் சிறு கண்ணி மை ஊறி அடைந்துபோனால் அது அப்படியே ‘ஓ’ ஆகிவிடும். அதற்கு அடுத்த ‘எஸ்’ பழைய கையெழுத்துகளில் நெடிய கோடாக, பார்ப்பதற்கு ‘எஃப்’ மாதிரி இருக்கும். அட்டவணை தயாரித்தவர் அவசரப்பட்டிருந்தால் பெஸ்கி எங்கேயோ ‘போஃப்கி’யாகப் போய் உட்கார்ந்திருப்பார். நான் கடைப்பிடிக்கும் வழி: சந்தேகமான பெயரை முறைத்துப் பார்ப்பதில்லை. அதே பக்கத்தில் அதே எழுத்தர் எழுதிய தெரிந்த சொற்களை, ‘பியேத்ரோ’, ‘தோமேனிக்கோ’ போன்ற சாதாரணப் பெயர்களைப் பெரிதாக்கி, அவர் ‘ஈ’யை எப்படிச் சுழிக்கிறார், ‘ஓ’வை எங்கே மூடுகிறார் என்று பார்ப்பேன். ‘ஓ’வை முடித்து அடுத்த எழுத்துக்குப் போகும்போது கோடு மேலிருந்து கிளம்பும், ‘ஈ’யிலிருந்து கீழிருந்து கிளம்பும். அந்த இணைப்புக்கோடுதான் தீர்ப்புச் சொல்லும். கண்ணி அடைந்துபோனாலும் கோடு அடையாது.

அப்புறம் தேதிகள். பழைய பதிவுகளில் மாதத்தை எண் போட்டுச் சுருக்குவார்கள். ‘7ப்ரே’ என்றால் ஜூலை அல்ல, செப்டம்பர். ‘8ப்ரே’ அக்டோபர், ‘9ப்ரே’ நவம்பர், டிசம்பருக்கு ரோமன் பத்து. லத்தீனில் அந்த மாதப் பெயர்கள் ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்றே தொடங்குவதால் வந்த வழக்கம். வீரமாமுனிவர் பிறந்த நாளை இந்த முறையில் எழுதினால் ‘8 9ப்ரே’ என்று வரும். தெரியாதவர் அதை செப்டம்பர் எட்டு என்று குறித்துக்கொண்டு போய்விடுவார்.

தந்தை பெயருக்கு முன்னால் வரும் சொல்லும் முக்கியம். ‘தி ஜொவான்னி’ என்றால் ஜொவான்னியின் மகன், தந்தை உயிரோடு இருக்கிறார். ‘ஃபு ஜொவான்னி’ என்றால் தந்தை காலமாகிவிட்டார். லத்தீனில் எழுதும் குருக்கள் அதற்கு ‘குவோந்தம்’ என்பதைச் சுருக்கிப் போடுவார்கள். நம் ஊரில் இனிஷியல் செய்யும் வேலையை இந்தச் சொல் செய்கிறது, கூடவே தந்தை இருக்கிறாரா இல்லையா என்பதையும் சொல்லிவிடுகிறது. ஒரு குடும்பத்தில் இரண்டு வருஷ இடைவெளியில் ‘தி’ என்பது ‘ஃபு’ ஆக மாறினால், தந்தையின் இறப்புப் பதிவை எந்த இரண்டு வருஷத்தில் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். பெற்றோர் பெயர் தெரியாத பிள்ளைகளுக்கு இரண்டு ‘என்’ எழுத்துகளைப் போட்டுவைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு சான்றிதழிலும் அதைச் சுமந்தார்கள். 1955இல் ஒரு சட்டம் வந்துதான் சான்றிதழ்களில் பெற்றோர் பெயர் போடும் வழக்கம் நின்றது. பதிவேடுகளில் அந்த இரண்டு எழுத்துகளைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் வயிறு கலங்கும்.

இன்னொரு சிறு குறிப்பு: பழைய பங்குப் பதிவேடுகளின் அகரவரிசை பல நேரம் குடும்பப்பெயரால் இருக்காது, முதற்பெயரால் இருக்கும். எல்லா ஜொவான்னிகளும் ஒரே இடத்தில். பெஸ்கி என்று தேடிவிட்டு ‘இல்லை’ என்று மூடிவிடக் கூடாது.

பெயரின் பொருள் என்ன என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசிக்குத் தள்ளியது வேண்டுமென்றேதான். சுற்றுலாத் தலங்களில் உங்கள் குடும்பப்பெயரைச் சொன்னால் கணினியில் தட்டி, கேடயச் சின்னமும் பெயர்ப் பொருளும் அச்சிட்ட தாளைக் கையில் கொடுக்கும் கடைகள் உண்டு. அப்படி ஒரு கடையில் பெஸ்கி என்று சொல்லிப் பார்த்தேன். நொடியில் வந்தது சிங்கம் போட்ட கேடயம். எந்த ஆவணத்தில், எந்த ஆண்டில், எந்த ஊர்ப் பெஸ்கிக்கு அந்தச் சின்னம் என்று கேட்டேன். பதில் இல்லை. சின்னம் ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு உரியது; அதே பெயர் கொண்ட எல்லோருக்கும் உரியது அல்ல. காசு கொடுத்து அதை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அந்தக் காசில் அவர்கள் தாத்தாவின் உண்மையான பிறப்புப் பதிவின் நகலையே வாங்கியிருக்கலாம்.

பொருள் சொல்ல வேண்டுமானால் மிகப் பழைய எழுத்து வடிவம் கையில் இருக்க வேண்டும். அது இருந்தால் எவ்வளவு தெளிவாக விடை கிடைக்கும் என்பதற்குக் கலிலியோவே சான்று. அவர் குடும்பத்தின் பழைய பெயர் பொனயுத்தி. 15ஆம் நூற்றாண்டில் ஃபிளாரன்ஸில் கலிலியோ பொனயுத்தி என்று ஒரு புகழ்பெற்ற மருத்துவர் இருந்தார். அவர் முதற்பெயரே வழிவந்தவர்களுக்குக் குடும்பப்பெயராகி, கலிலேயி என்று ஆனது. ஈற்றில் வரும் அந்த ‘இ’ பெரும்பாலும் ‘இன்னாரின் குடும்பத்தார்’ என்பதைக் காட்டும். வட, மத்திய இத்தாலியப் பெயர்களில் அது சர்வசாதாரணம். பெஸ்கியின் ஈற்றிலும் அதுவே நிற்கிறது. தாந்தே தன் காவியத்தின் சொர்க்கப் பகுதியிலேயே தன் குடும்பப்பெயரின் கதையைச் சொல்கிறார். அவர் முன்னோர் காச்சாகுயிதாவின் மனைவி போ ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர், அவர் வழியாகத்தான் அலிகியேரி என்ற பெயர் வந்தது என்று. ஃபிளாரன்ஸின் மகாகவிக்குப் பெயர் கொடுத்தது ஒரு வடநாட்டுப் பெண். பொருள் தேடுகிறவர்கள் தந்தைவழியை மட்டும் பார்த்தால் இந்த மாதிரி விஷயம் கண்ணில் படவே படாது.

பெயர் ஒன்றாக இருந்தால் ரத்தமும் ஒன்று என்று நினைப்பதும் ஆபத்து. மிலானில் கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த பெரிய மருத்துவமனையின் சின்னம் புறா. அதை வைத்து அந்தக் குழந்தைகளுக்கெல்லாம் கொலொம்போ என்று பெயரிட்டார்கள். நேப்பிள்ஸில் அதே மாதிரி எஸ்போஸித்தோ, ஃபிளாரன்ஸில் இன்னொச்சேந்தி. ஆயிரக்கணக்கானவர்கள், ஒருவருக்கொருவர் உறவே இல்லாதவர்கள். அபூர்வப் பெயரில் இந்தத் தொல்லை குறைவு. பெயர் ஒரு சிறு வட்டாரத்துக்குள் இருக்கும்போது இரண்டு பேரை இணைக்கும் காகிதம் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் காகிதம் கிடைக்கும் வரை அது வாய்ப்பு மட்டும்தான்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் ஆட்கள் காஸ்தில்யோனேவுக்கு வந்தால் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, ‘வீரமாமுனிவர் பரம்பரையில் யாராவது இருக்கிறார்களா?’ அவர் 1698இல் இயேசு சபையில் சேர்ந்தவர், துறவி. அவருக்கு நேர்வாரிசு கிடையாது. இன்று பெஸ்கி என்ற பெயரோடு இருக்கும் ஒருவர், அதிகபட்சம் அவருடைய பங்காளி வழியாக இருக்கலாம். அதுகூடப் பதிவேட்டில் தலைமுறை தலைமுறையாகக் கோத்துக் காட்டினால்தான். பெர்கமோ ஆயர் பிறந்தது பிரேஷாவில், 1951இல். ஏதென்ஸ் பார்த்தெனான் சிற்பங்களை ஆராய்ந்த லூயிஜி பெஸ்கி என்ற தொல்லியல் அறிஞரும் இருந்தார், 2015இல் காலமானார். இந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்குள்ளும் ஒரு நெருக்கம் வரத்தான் செய்கிறது. அதற்காக அழைப்பு மணியில் பெஸ்கி என்று கண்டதும் பொத்தானை அழுத்தி ‘உங்கள் முன்னோர் எங்கள் மொழிக்கு’ என்று ஆரம்பிக்காதீர்கள். தனிமனிதர்களின் வீடு அது.

இந்தப் பெயர் இனி என்ன ஆகும்? தந்தை வழியாக மட்டும் பெயர் போகும் முறையில் அபூர்வப் பெயர்கள் ஒவ்வொன்றாக அணைவது இயல்பு. 1870களிலேயே இங்கிலாந்தில் கால்ட்டனும் வாட்சனும் அதற்கு ஒரு கணிதமே போட்டுவிட்டார்கள். தாந்தே குடும்பத்தில் அதுதான் நடந்தது. கடைசியில் மிஞ்சியவர் ஜினேவ்ரா என்ற பெண். அவர் 1549இல் வெரோனாவின் சேரேகோ குடும்பத்தில் மணமுடித்தபோது இரண்டு பெயர்களையும் சேர்த்தார்கள். தாந்தேயின் மகன் 1353இல் வாங்கிய நிலத்தில் சேரேகோ அலிகியேரி குடும்பம் இன்றும் திராட்சை பயிரிடுகிறது. பெயர் பிழைத்தது ஒரு பெண்ணால். அன்று அது விதிவிலக்கு. 2022இல் இத்தாலிய அரசியல் சாசன நீதிமன்றம் அதை விதியாக்கிவிட்டது: பிறக்கும் குழந்தைக்குத் தாய், தந்தை இருவரின் பெயரும் சேரும், ஒன்று போதும் என்றால் பெற்றோர் இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தீர்ப்பை நான் மனதார வரவேற்கிறேன். 2024இல் நாடு முழுக்க 3 லட்சத்து 70 ஆயிரம் குழந்தைகள்தான் பிறந்தன, ஒரு பெண்ணுக்கு 1.18 என்ற கணக்கில். இந்த நிலையில் மகள்கள் வழியாகவும் பெயர் போகவில்லை என்றால், வரைபடத்தில் கார்தா ஏரிக்குத் தெற்கே இருக்கும் அந்தச் சிறு திட்டு சீக்கிரமே வெளுத்துவிடும்.

தேட விரும்புகிறவர்களுக்குக் கடைசியாகக் கடிதம் பற்றி. பங்குக்கோ நகராட்சிக்கோ எழுதும்போது இத்தாலிய மொழியில், பத்து வரிக்குள் எழுதுங்கள். ஒரு கடிதத்தில் ஒரே ஒரு ஆளைப் பற்றிக் கேளுங்கள். குடும்பப்பெயர் முதலில், பிறகு முதற்பெயர், தெரிந்த ஆண்டு, தந்தை பெயர், உங்களுக்கு அவர் என்ன உறவு, எதற்குக் கேட்கிறீர்கள், இவ்வளவு போதும். நகராட்சியில் ‘அனாக்ராஃபே’ என்ற குடிப்பதிவுப் பிரிவுக்கு எழுதினால், ‘ஸ்தாத்தோ தி ஃபமீல்யா ஸ்தோரிக்கோ’ என்று கேளுங்கள். குறிப்பிட்ட காலத்தில் அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். எழுபது ஆண்டுக்குள் உள்ள பிறப்புப் பதிவின் முழு நகலை யாருக்கும் எளிதில் தரமாட்டார்கள். பங்கு என்றால் காணிக்கை தருவதாகக் குறிப்பிடுங்கள், அங்கே தேடித் தருகிறவர் அநேகமாகச் சம்பளம் இல்லாத ஒரு பெரியவராக இருப்பார். காஸ்தில்யோனேவுக்கு நேரில் போவதானால் ஜூன் 21ஐத் தவிர்த்துவிடுங்கள். அன்று அந்த ஊரில் பிறந்த புனித லூயிஜி கொன்ஸாகாவின் திருநாள், யாருக்கும் பேச நேரம் இருக்காது. ஆகஸ்டில் கடிதமே அனுப்ப வேண்டாம். 15ஆம் தேதி ஃபெர்ராகோஸ்தோ விடுமுறையை ஒட்டி நாடே கடற்கரையில் இருக்கும். செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் அனுப்புங்கள், ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் மரியாதையாக ஒரு நினைவூட்டல் போடுங்கள்.